ஜன்னல் கிராணியும் கூராவ் மீனும்

1. முதல் நாளே மூக்குடைந்தது

மலாக்காவில் கம்போங் செட்டிக்கு நான் முதன்முதலாகச் சைக்கிளில் போன அன்று, என் பையில் தமிழில் அச்சடித்த கேள்வித்தாள் ஒரு கட்டு இருந்தது. மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வரப்போகிறது என்று ஊரே பேசிக்கொண்டிருந்த காலம். எனக்கும் கால் தரையில் பாவாத வயது. சீனியர் கேம்பிரிட்ஜ் பாஸ் பண்ணிவிட்டு செமாபோக்கில் வீட்டைச் சுற்றி வந்துகொண்டிருந்தவளுக்குப் பண்டார் ஹிலிர் பக்கம் ஒரு கிளினிக்கில் தற்காலிக வேலை கிடைத்தது. நெடுநாள் நோய்க்காரர்களை வீட்டில் போய்ப் பார்க்க வேண்டும். "கிளினிக்கில் உங்களை எப்படிக் கவனிக்கிறார்கள்?" என்று கேட்டு எழுதிக்கொண்டு வர வேண்டும். நர்ஸ் உடுப்பு இல்லாவிட்டாலும் ஊர்க்காரர்கள் என்னை 'மிஸ்ஸி' என்றுதான் கூப்பிட்டார்கள். அதைக் கேட்கக் கேட்க எனக்கு ஒரு சுற்றுப் பெருத்துவிட்ட மாதிரி இருந்தது.

முதல் வீட்டு நிலையில் மாவிலை கட்டியிருந்தது. உள்ளே சாமி விளக்கு எரிந்தது. கபாயாச் சட்டையும் சாரோங் கைலியும் உடுத்திய ஓர் அம்மாள் நெற்றி நிறையத் திருநீறோடு வெளியே வந்தார். நான் குரலைச் சரிசெய்துகொண்டு சுத்தத் தமிழில் முதல் கேள்வியைப் படித்தேன். அவர் கடைசிவரை பொறுமையாகக் கேட்டார். பிறகு சிரித்துக்கொண்டே, "தமிள் தா தாவு, மிஸ்ஸி," என்றார். தமிழ் தெரியாதாம்.

செட்டிகள் எத்தனையோ தலைமுறைக்கு முன்பு தமிழ்நாட்டிலிருந்து வந்து இங்கேயே பெண் எடுத்துத் தங்கிவிட்டவர்கள். கோயிலும் திருநீறும் பெயரும் நம்முடையவை, பேச்சு மட்டும் மலாய். மலாக்காவில் பிறந்த எனக்கு இது தெரியும். ஆனால் கேள்வித்தாளை அச்சடித்தவர்களுக்குத் தெரியாது. தெய்வானை, நடராஜா என்று பெயர்களைப் பார்த்ததும் தமிழ் என்று முடிவு கட்டிவிட்டார்கள். ஆபீஸ் கொடுத்ததாயிற்றே, ஏதாவது யோசித்துத்தான் செய்திருப்பார்கள் என்று நானும் தூக்கிக்கொண்டு போனேன்.

அன்றைக்கே கட்டைத் திருப்பிப் பைக்குள் போட்டுவிட்டு மலாயில் கேட்க ஆரம்பித்தேன். இனி இங்கே செட்டி வீட்டுப் பேச்சை நான் தமிழில் எழுதுவதெல்லாம் மலாயில் நடந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

2. எல்லாம் நல்லது, கொஞ்சம் தூரம்

அந்த நாளில் காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி வந்துவிட்டது. அதுவரை பாத்தோக் கெரிங், அதாவது வறட்டு இருமல் நோய் என்றாலே பாயைச் சுருட்டிவிடுவார்கள். ஊசி வந்த பிறகு பிழைத்து எழுந்து வேலைக்குப் போனவர்களை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் மாதக்கணக்கில் விடாமல் போட வேண்டும். நடுவில் நிறுத்தினால் நோய் திரும்பி வந்து ஏறி உட்காரும். கம்போங் செட்டி இருக்கும் காஜா பெராங் பக்கத்தில் பாதிப் பேர் நடுவில் நிறுத்திவிட்டார்கள். ஏன் என்று கண்டுபிடிக்கத்தான் என்னை அனுப்பினார்கள்.

நானும் கேட்டேன். ஒவ்வொரு வீட்டிலும் முதலில் சிவப்பு சிராப்புத் தண்ணீர், பிறகு தட்டு நிறைய கூவே பலகாரம். அப்புறம் என் கேள்வி.

"டாக்டர் எப்படி?"

"நல்லவரு."

"மிஸ்ஸிங்க?"

"தங்கமானவங்க."

"அப்புறம் ஏன் ஊசிக்கு வரல?"

"கொஞ்சம் தூரம், அவ்வளவுதான்."

எல்லா வீட்டிலும் இதே பதில். சொல்லி வைத்ததுபோல் அதே வரிசை, அதே புன்னகை. எனக்கு ஒரே குஷி. பதில் இவ்வளவு ஒற்றுமையாக வந்தால் அது உண்மையாகத்தானே இருக்க வேண்டும்?

எங்கள் டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். பெயர் தம்பிராஜா. மெலிந்த ஆள். சுதந்திர நாட்டில் காசநோயே இருக்கக் கூடாது என்று அவருக்கு ஒரு வெறி. நான் கொண்டுவந்ததைப் படித்துவிட்டு மேசையில் தட்டினார்.

"பாத்தீரோ பிள்ளை? எங்களில பிழை இல்லை. தூரம்தான் பிரச்சினை. சனம் வராட்டில் நாங்கள் போவம். வான் ஒண்டு கேட்டிருக்கிறன். வாற திங்கக்கிழமை ஓடத் தொடங்கும்."

வானும் அந்த வாரமே பெயிண்டருக்குப் போனது. பக்கவாட்டில் மூன்று மொழியில், ஆள் உயர எழுத்தில், 'காசநோய் ஊசி வண்டி'. அது நோயாளி வீட்டு வாசலில் போய் நிற்கும், ஹாரன் அடிக்கும், அவர்கள் வெளியே வந்து ஊசி போட்டுக்கொள்வார்கள். இதுதான் திட்டம். டாக்டர் என்னைக் கூட்டிப்போய் அந்த எழுத்துகளைக் காட்டினார். நானும் கைதட்டினேன்.

3. பியோலா வீடு

திங்கட்கிழமைக்கு முன்பு முடிக்க வேண்டிய கடைசி வீடு தெய்வானை வீடு. நாற்பதை ஒட்டிய வயது. பலகாரம் செய்து கடைகளுக்குக் கொடுப்பவர், நோய் வந்ததும் அதை நிறுத்திவிட்டார். கணவர் நடராஜா வேலை முடிந்து வந்தால் பியோலா வாசிப்பார். வயலினுக்குத்தான் இங்கே பியோலா என்று பெயர். கல்யாணங்களில் டொண்டாங் சாயாங் பாடும் கோஷ்டியில் அவர் உண்டு. ஒருவர் நாலடியில் பாந்துன் பாட, எதிரில் இருப்பவர் அங்கேயே நாலடியில் பதில் பாட வேண்டும். மலாக்காக்காரர்களுக்கு, எந்த இனமானாலும், இது ரத்தத்தில் ஊறியது.

செட்டிகளிடம் மிஞ்சியிருக்கும் தமிழில் 'அக்கா' என்ற சொல்லும் ஒன்று. நான் அவரை அப்படித்தான் கூப்பிட்டேன். அக்கா ரொம்ப இளைத்திருந்தார். பேசும்போது கைக்குட்டையை வாயருகிலேயே வைத்திருந்தார். ஆனாலும் பதில் மாறவில்லை.

"எல்லாம் நல்லது மிஸ்ஸி. கொஞ்சம் தூரம்."

"இனிமே தூரம் இல்லக்கா. திங்கக்கிழமை வான் உங்க வாசலுக்கே வருது," என்று சொல்லி, எழுத்தின் உயரத்தையும் கையை விரித்துக் காட்டினேன்.

அக்காவின் முகம் செத்துவிட்டது. பியோலாவைச் சுருதி கூட்டிக்கொண்டிருந்த நடராஜாவின் கை நின்றது. ஆனால் அக்கா சிராப்புத் தண்ணீரைத்தான் என் பக்கம் நகர்த்தினார். வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம், அதுவும் சர்க்கார் ஆளிடம், 'உங்கள் இடத்தில் இது சரியில்லை' என்று அவர்களால் சொல்ல முடியாது. அது அவர்கள் வளர்ந்த விதம். நான் இத்தனை வீட்டில் வாங்கி வந்தது மரியாதையைத்தான், பதிலை இல்லை என்று அப்போதுதான் உறைத்தது.

கெட்டிக்காரத்தனமா, அசட்டுத் துணிச்சலா தெரியாது. நான் ஒரு பாந்துனைக் கட்டினேன். செமாபோக்கில் வாழை குலை தள்ளியிருக்கிறது, வெட்டத்தான் ஆள் இல்லை. மருந்து இருக்கிறது, பாதையும் இருக்கிறது, கால் ஏன் வரமாட்டேன் என்கிறது? இதுதான் அதன் பொருள். எதுகையும் சரியில்லை, ராகமும் சரியில்லை. நடராஜா வாய்விட்டுச் சிரித்தார். ஆனால் பாந்துன் என்று ஒன்று வந்துவிட்டால் பதில் பாடாமல் இருப்பது செட்டி வீட்டில் தோல்வி. அவர் வில்லை எடுத்து மெதுவாக இழுத்தார். அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டு, பாட்டும் பேச்சுமாகச் சொன்னார்:

பாகி-பாகி கெ பாசார் ஈகான்,
பெலி கூராவ் டி டாலாம் ராகா;
நாமா சாயா எஞ்சிக் லாவுங்கான்,
சாத்து கம்போங் பாசாங் தெலிங்கா.

காலையில் மீன் சந்தைக்குப் போனேன், கூடையில் கூராவ் மீன் வாங்கினேன். ஐயா என் பெயரைக் கத்திக் கூப்பிடுகிறீர்கள், ஊரே காதைத் தீட்டிக்கொண்டு கேட்கிறது.

"யாருக்கா கத்துறது?" என்றேன்.

பாட்டு அடைப்பைத் திறந்துவிட்டது. அதற்குப் பிறகு அக்கா சாதாரணமாகவே பேசினார்.

"ஜன்னல்ல உக்காந்து பேரு எழுதற கிராணி. கம்போங் செட்டி, தெய்வானை, டிபி ஊசின்னு கத்துவாரு. பல்லு வலிக்கு வந்தவன், குழந்தைக்கு மருந்து வாங்க வந்தவன் எல்லாரும் திரும்பிப் பாப்பாங்க. உள்ள என் பொண்ணு கமலம் இருக்கா. கல்யாணம் நிச்சயம் ஆயிருக்கு, அதோ சுவத்துல படம், மாப்பிள்ளையும் அவரோட அத்தையும். மாப்பிள்ளை வீட்டுக்கு இது தெரிஞ்சா அவ்வளவுதான். அதான் வராம நின்னுட்டேன். கல்யாணம் முடிஞ்சதும் வந்து போட்டுக்கறேன் மிஸ்ஸி."

"அதுவரைக்கும் தாங்குமாக்கா?"

அவர் கைக்குட்டையை மடித்து, மடிப்புக்குள் இருந்ததை நான் பார்க்காதபடி மறைத்தார். நான் பார்த்துவிட்டேன், சிவப்பாக இருந்தது.

4. பெரட்டு

சைக்கிளை நான் அன்றைக்கு மிதித்த வேகத்தை இப்போது நினைத்தாலும் மூச்சு வாங்குகிறது. டாக்டர் கிளம்பப் போகும் நேரத்தில் பிடித்தேன். பாந்துனையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பிள்ளை, பாட்டை நான் எந்தக் கட்டத்தில டிக் பண்ணுறது?"

"டிக் பண்ண வேணாம் டாக்டர். நாளைக்குக் காலையில வந்து என்கூடக் கூட்டத்துல நில்லுங்க. கோட்டு வேணாம்."

கொஞ்சம் யோசித்தார். "சரி. நிண்டு பாப்பம்," என்றார்.

இங்கே எங்கள் ஜன்னல் கிராணி பொன்னுசாமியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கெட்ட மனுஷர் இல்லை. கிளினிக்குக்குப் பின்னாலேயே குவார்ட்டர்ஸ். சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தால் ஜன்னல் தெரியும். இதற்கு முன்பு ரப்பர் தோட்டத்தில் கிராணியாக இருந்தவர். தோட்டத்தில் விடியற்காலையில் பெரட்டு எடுப்பார்கள். ஆட்களை வரிசையாக நிறுத்தி, ஆட்கள் குடியிருக்கும் லயம்வரை கேட்கிற குரலில் பெயரைக் கூப்பிட வேண்டும். வராதவன் பெயரைத் திரும்பத் திரும்பக் கூப்பிட வேண்டும். அந்தக் குரலோடுதான் இவர் கிளினிக்குக்கு வந்தார். என் அப்பாவும் தோட்டத்து மனிதர். எங்களில் பாதிப் பேர் பெரட்டுக் குரலைக் கேட்டு வளர்ந்தவர்கள். பெயரைக் கத்துவது ஒரு தப்பு என்றே யாருக்கும் தோன்றவில்லை.

மறுநாள் நானும் டாக்டரும் கூட்டத்தின் நடுவில் நின்றோம். அரைக்கைச் சட்டையில் அவரை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. பொன்னுசாமி தொண்டையைச் செருமினார்.

"புக்கிட் சீனா! ஆ குவான்! டிபி ஊசி!"

ஒரு சீனத்து இளைஞன் தலையைக் குனிந்துகொண்டு எழுந்து போனான். அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் தன் குழந்தையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். டாக்டர் அதைப் பார்த்தார். நானும் அவர் பார்ப்பதைப் பார்த்தேன்.

"பண்டார் ஹிலிர்! சின்னம்மா! மூலம்!"

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். டாக்டரின் காது சிவந்தது.

அந்த நேரத்தில்தான் வாசலில் ஓர் அம்மாள் வந்து உட்கார்ந்தார். எங்கேயோ பார்த்த முகம். தெய்வானை அக்கா வீட்டில் சுவரில் மாட்டியிருந்த நிச்சயதார்த்தப் படத்தில், மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் நின்ற அத்தை அவர். கண் வலிக்கு மருந்து வாங்க வந்திருக்கிறார். எனக்கு ஒரு கணம் நிம்மதி. தெய்வானை அக்காதான் வருவதில்லையே.

ஆனால் பெரட்டில் வராதவன் பெயரைத்தானே திரும்பத் திரும்பக் கூப்பிடுவார்கள். பொன்னுசாமி பக்கத்தைப் புரட்டினார்.

"கம்போங் செட்டி!"

என் கால் தானாக ஓடியது.

"தெய்—"

ஜன்னலுக்கு மேலே மடக்கி வைத்திருந்த பலகையை இரண்டு கையாலும் இழுத்துவிட்டேன். அது டமாரென்று விழுந்து, பொன்னுசாமியையும் அவர் பேரேட்டையும் உள்ளேயே அடைத்துவிட்டது. பிறகு பலகைக்குப் பின்னாலிருந்து அவர் குரல் கேட்டது.

"யாரும்மா அது? விரலு போயிருக்கும்மா. பேரு கூப்புடாம நான் எப்படி பெரட்டு எடுக்கறது?"

என் வேலை அன்றோடு போயிற்று என்றுதான் நினைத்தேன். டாக்டர் மெதுவாக முன்னால் வந்தார். அந்தச் சீனத்து இளைஞன் போன பக்கத்தையும், குழந்தையை இறுக்கிக்கொண்டிருந்த பெண்ணையும், என்னையும் பார்த்தார்.

"ஒவ்வொரு நாளும் உள்ளுக்க இருந்து இந்தச் சத்தம் கேக்கிறனான்," என்றார். "என்ர காதில ஒரு நாளும் விழேல்லை, பிள்ளை."

அப்புறம் பலகையைத் தட்டி, "பொன்னுசாமி, இண்டைக்குப் பேர் வேண்டாம். எழும்பி வந்து ஒவ்வொருத்தரையா கையைக் காட்டிக் கூப்பிடும்," என்றார். பலகை விழுந்த சந்தோஷத்தில் எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. அத்தை எதையும் கவனிக்காமல் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

5. மீன் பெயர்

திங்கட்கிழமை வான் வந்தது. அதன் மேல் ஓர் எழுத்து இல்லை. பெயிண்டர் முழுவதையும் வெள்ளையடித்துவிட்டார். டாக்டருக்கு அந்த எழுத்துகள் மேல் ஆசை, ரொம்ப நாள் புலம்பினார். வான் யார் வீட்டு வாசலிலும் நிற்கவில்லை. காஜா பெராங்கில் குழந்தைகளுக்கு எடை பார்க்கும் சின்னக் கட்டடம் ஒன்று இருந்தது. அதன் பின் அறையில் ஊசி. வருகிறவர்கள் அண்ணன் பிள்ளைக்கோ அக்காள் பிள்ளைக்கோ எடை பார்க்கப் போவதாக வீட்டைவிட்டுக் கிளம்பலாம். இருமல் உள்ளவர்கள் பின்வழியாக வந்து, குழந்தைகள் பக்கம் வராமல், முற்றத்து பெஞ்சில் உட்கார்ந்து போவார்கள்.

கூப்பிடுவது எப்படி? நம்பர் கொடுக்கலாம் என்றார் டாக்டர். "நம்பர் ஜெயில்ல கூப்பிடறது," என்று தெய்வானை அக்கா சொல்லிவிட்டார். முதல் நாளே வந்துவிட்டார், மகளையும் கூட்டிக்கொண்டு. "மீன் பேரு வைங்க மிஸ்ஸி. மீன் பேரைக் கேட்டு யாரு திரும்பிப் பாக்கப் போறாங்க? மீன்காரன் வந்திருக்கான்னு நினைப்பாங்க."

அவர் கூராவ் ஆனார். மற்றவர்கள் சண்டை போட்டுக்கொண்டு பெயர் எடுத்தார்கள். ஒரு கிழவர் கண்டிப்பாகச் சுறாதான் வேண்டும் என்றார். நான் கதவைத் திறந்து, "கூராவ் வந்தாச்சா?" என்று சாதாரணக் குரலில் கேட்பேன். எதிர்வீட்டு அம்மா ஒருநாள் கூடையோடு வந்து நின்று, இங்கே மீன் என்ன விலை என்று கேட்டார். அன்று நாங்கள் சிரித்த சிரிப்பில் ஊசி மருந்து கீழே கொட்டாதது அதிசயம்.

நிறுத்தியவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். நான் திரும்பவும் வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்டேன். இந்த முறை 'எப்படிக் கவனிக்கிறார்கள்' என்று கேட்கவில்லை. 'உங்கள் தங்கச்சி நாளைக்கு முதல்முறையாக ஊசிக்கு வருகிறாள், அவளுக்கு என்ன சொல்லி அனுப்புவீர்கள்?' என்று கேட்டேன். குறை சொல்ல வாய் வராதவர்களுக்கு யோசனை சொல்ல வாய் வலிக்கவில்லை. எழுதி முடியவில்லை என்னால்.

தெய்வானை அக்கா முழு மருந்தையும் முடித்தார். கமலம் கல்யாணத்தில் நடராஜா வாசிக்க, அக்கா எழுந்து நின்று பாடினார். ஓர் இருமல் இல்லை. மாப்பிள்ளையின் அத்தை பதில் பாந்துன் பாடித் தோற்றுப்போனார். பந்தலில் வெளியாட்களில் நான் மட்டும் காரணம் தெரிந்து அழுதேன்.

6. அதே பதில்

அதற்கு அடுத்த மழைக்காலம். நான் நர்ஸ் பயிற்சிக்குப் போவதற்குக் கொஞ்சம் முன்பு. அக்கா அப்போது மருந்து முடித்தவர். ஆனாலும் புதிதாக வருகிறவர்களுக்குத் தைரியம் சொல்ல முற்றத்து பெஞ்சில் வந்து உட்கார்ந்திருப்பார். ஒரு காலை பின்வாசலில் ஓர் ஆள் குடையை மடக்காமலே நின்றார். உள்ளே வரவும் இல்லை, திரும்பிப் போகவும் இல்லை. குடையை விலக்கினால் பொன்னுசாமி. சட்டை தொளதொளவென்று தொங்கியது. கையில் டாக்டர் கொடுத்த சீட்டு.

அக்கா அவரை அடையாளம் கண்டுகொண்டார். தன் பெயரை ஊருக்கே கத்திய மனிதர் இப்போது வாயைத் திறக்க முடியாமல் நிற்பதை ஒரு கணம் பார்த்தார். பிறகு பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டார்.

"டூடோக், எஞ்சிக் பாவால்," என்றார். உட்காருங்கள், வவ்வால் மீன் ஐயா. அந்தப் பெயரை அதுவரை யாரும் எடுத்திருக்கவில்லை.

பொன்னுசாமி உட்கார்ந்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டார். புதிதாக வருகிறவர்களிடம் கேட்க வேண்டியதை நான் அவரிடமும் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

"கிளினிக் உங்க வீட்டுக்கு முன்னாடிதானே இருக்கு கிராணி ஐயா. அங்க போகாம ஏன் இவ்வளவு தூரம் இங்க வந்தீங்க?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. மழையைப் பார்த்துக்கொண்டு, எங்கள் காலத்துப் பெரட்டு மைதானமே நிறைந்த அந்தக் குரலை ரொம்பத் தாழ்த்திச் சொன்னார்.

"அங்க எல்லாம் நல்லாத்தான் இருக்கும்மா. கொஞ்சம் தூரம், அவ்வளவுதான்."

இந்த வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். யாராவது 'தூரம்' என்று சொன்னால், அதை மைலில் எழுதிவிடாதீர்கள்.